பழைய ஜீப்புக்கு பிரேக்: கழற்றும் முன்னே பெடல் சொல்வதைக் கேளுங்க

மாரமங்கலம் பக்கம் காப்பி, மிளகு, பலா எது விளைஞ்சாலும் கடைசியில் அது மலையை விட்டு இறங்கித்தான் ஆகணும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலம் 300 மீட்டருக்கும் கீழே. ஏற்காட்டிலிருந்து இறங்கும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவு. தோட்டத்துச் சரக்கை இறக்கும் வேலையை நம்மில் பலருக்கு இன்னும் செய்வது பழைய ஜீப்புதான்.

விதையை நாமே எடுத்து வைக்கிறோம், பஞ்சகவ்யாவை நாமே கலக்குகிறோம். வண்டி என்று வந்தால் மட்டும் "பிரேக் சரியில்லைங்க" என்று ஒரே வரியில் சொல்லி ஒர்க்‌ஷாப்பில் விட்டுட்டு வந்துடறோம். அவங்க ஷூ மாத்துவாங்க. மூணு மாசத்தில் மறுபடி அதே கோளாறு. இலை மஞ்சளானதும் வேரைப் பார்க்காமல் யூரியா போடுகிற மாதிரிதான் இது. எல்லாத்தையும் வீட்டிலேயே சரிபண்ணணும்னு நான் சொல்லலை. எது கெட்டிருக்குன்னு வீட்டிலேயே கண்டுபிடிச்சுடலாம். பாதி செலவு அங்கேயே மிச்சம்.

முதல்ல ஒரு கணக்கு. சரக்கோடு 2 டன் எடையுள்ள வண்டி 1,200 மீட்டர் இறங்கும்போது வெளிவரும் சக்தி சுமார் ஆறரை யூனிட் மின்சாரத்துக்குச் சமம். நம்ம கிணத்து 5 எச்.பி. மோட்டார் ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடும் சக்தி அது. அவ்வளவும் எங்கேயாவது சூடாகக் கழியணும். இரண்டாம் கியரில், தேவைப்பட்டால் முதல் கியரில் இறங்கினால் பெரும்பகுதியை இன்ஜினே வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் பெரும்பகுதி நாலு டிரம்முக்கும் போய்ச் சேரும். லைனிங் பிடிப்பு குறையும், பிரேக் ஆயில் கொதிக்கும். புது டாட் 3 ஆயில் 205 டிகிரி வரை தாங்கணும் என்பது அளவு. ஆனா அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயிலுக்கு அளவு 140 டிகிரிதான். கொதித்தால் குழாய்க்குள் ஆவி நிக்கும். மிதிச்சா ஆவி சுருங்குமே தவிர ஷூ நகராது. இறக்கத்தில் மட்டும் பெடல் காணாமல் போய், வண்டி ஆறினதும் திரும்பி வந்தால் ஷூவைக் குறை சொல்லாதீங்க. ஆயில் பழசு, இல்லை ஓட்டுற முறை தப்பு. மூடுபனி பிடிக்கிற நம்ம மலையில் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மொத்த ஆயிலையும் மாத்திடறது நல்லது.

டீசல் மிச்சம்னு இன்ஜினை அணைச்சுட்டு இறங்குறவங்க இன்னும் இருக்காங்க. பூஸ்டர் வச்ச வண்டியில் இன்ஜின் நின்னா, ரெண்டு மூணு மிதியில் வேக்குவம் தீர்ந்து பெடல் கல்லாயிடும். அந்த மிச்சம் வேண்டாம்.

நின்ற இடத்தில் பார்ப்பது

சமதரையில் இன்ஜினை அணைச்சு, பெடலை ஒரு தடவை மிதிங்க. ரொம்பக் கீழே போய்ப் பிடிக்குது, அடுத்தடுத்து மிதிச்சா மேலே ஏறி கெட்டியா நிக்குது என்றால் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிப்போச்சு. அட்ஜஸ்ட்மென்ட் போதும். சக்கரத்தைத் தூக்கி, கையால் சுத்த முடியாதபடி இறுக்கி, அப்புறம் லேசா உரசாமல் சுத்துற அளவுக்குத் தளர்த்தணும். ஒரு பக்கம் பண்ணினால் எதிர்ப்பக்கமும் பண்ணணும்.

எத்தனை மிதிச்சாலும் பஞ்சு மாதிரி மெத்துமெத்துனு இருந்தா உள்ளே ஏர்.

அடுத்ததுதான் முக்கியம். மிதிச்ச காலை எடுக்காமல் அரை நிமிஷம் அப்படியே அழுத்தி வைங்க. பெடல் மெல்ல மெல்ல இறங்கிக்கிட்டே போகுதா? ஆயில் டப்பாவைத் திறந்து மட்டம் பாருங்க. ரெண்டு மூணு நாளில் மட்டம் குறைஞ்சா வெளியே எங்கேயோ கசியுது. குறையவே இல்லைன்னா மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் தேய்ஞ்சு, ஆயில் உள்ளுக்குள்ளேயே திரும்பி வருது. கிட் மாத்தணும். உள்சுவரில் துருவோ கீறலோ இருந்தா புதுக் கிட்டும் நிலைக்காது, சிலிண்டரையே மாத்தணும். பழைய ஜீப்புகள் பலதில் நாலு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே வழிதான், முன்னுக்குத் தனி, பின்னுக்குத் தனி என்று கிடையாது. ஒரு இடத்தில் அழுத்தம் போனால் நாலும் போச்சு. இந்த அறிகுறி இருக்கிற வண்டியில் ஒரு மூட்டை மிளகுகூட ஏத்திக்கிட்டு இறங்கக் கூடாது.

பெடல் கெட்டியா இருந்தும் வண்டி நிக்கலைன்னா லைனிங் கண்ணாடி மாதிரி மழுங்கியிருக்கும், இல்லை எண்ணெய் பட்டிருக்கும். பூஸ்டர் வண்டின்னா அதையும் பாருங்க: இன்ஜினை அணைச்சு நாலைந்து தடவை மிதிச்சு, காலை அழுத்தி வச்சபடியே ஸ்டார்ட் பண்ணினால் பெடல் கொஞ்சம் தானா இறங்கணும். இறங்கலைன்னா வேக்குவம் ஹோஸில் ஆரம்பிங்க.

ஆத்துத் தண்ணியில் இறங்கி வந்த உடனே பிடிக்காதது கோளாறு இல்லை. மெதுவா ஓட்டிக்கிட்டே பெடலை லேசா அழுத்தி வந்தா டிரம் காய்ந்துடும்.

சக்கரத்தைத் தூக்கும் முன்

பழைய ஜீப்புகள் பலதில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இருக்காது. கியர் பெட்டிக்குப் பின்னால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டைப் பிடிக்கும். பின் சக்கரம் ஒன்றைத் தூக்கினால், தூக்கினது காற்றில் சுத்த, தரையில் இருக்கிறது உருள ஆரம்பிக்கும். ஹேண்ட் பிரேக்கும் தாங்காது, கியரில் போட்டதும் தாங்காது. அதனால் தரையில் நிக்கிற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை அண்டை கொடுத்துட்டுத்தான் ஜாக்கி. சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்டு இல்லாமல் உள்ளே தலையை விடாதீங்க.

டிரம்மைக் கழற்றினதும் வாயால் ஊதவோ கம்ப்ரஸர் காற்று அடிக்கவோ கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன். தண்ணி தெளிச்சு, ஈரத்துணியால் துடைச்சு, துணியைக் கட்டிப் போட்டுடுங்க.

உள்ளே எண்ணெய் ஈரம் இருந்தா எந்த எண்ணெய்னு பார்க்கணும். ஒரு டம்ளர் தண்ணியில் ரெண்டு சொட்டு விடுங்க. கரைஞ்சு போனா பிரேக் ஆயில், வீல் சிலிண்டர் கசியுது. மேலே மிதந்தா கிரௌன் ஆயில், ஆக்சில் சீல் போச்சு. சீலைப் பார்க்காமல் ஷூ மட்டும் மாத்தினால் புது ஷூவும் ஊறிடும். மூணு மாசத்துக்கு ஒருமுறை ஷூ வாங்குற கதை பெரும்பாலும் இதுதான். சீலும் திரும்பத் திரும்பப் போகுதுன்னா ஆக்சில் மேலே இருக்கிற மூச்சுத்துளை சேற்றில் அடைஞ்சிருக்கா பாருங்க. சூட்டில் உள்ளே ஏறும் அழுத்தம் வெளியேற வழியில்லாமல் சீலைத் தள்ளிக்கிட்டு வரும். எண்ணெயில் ஊறின லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி, நெருப்பில் காட்டிப் போடுறதை நான் ஒத்துக்கறதில்லை. ரெண்டு பக்கமும் மாத்திடுங்க.

ஒரு சக்கரம் விடாமல் பிடிச்சுக்கிட்டே சூடாகுதுன்னா அந்தச் சக்கரத்தின் ஏர் நிப்பிளைத் திறங்க. ஆயில் பீறிட்டு, சக்கரம் சுத்தினால் அழுத்தம் உள்ளே மாட்டியிருக்கு. அந்த ஒரு சக்கரம் மட்டும்னா அதுக்குப் போகிற ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி அடைச்சிருக்கலாம். நாலும் பிடிச்சா மாஸ்டர் பக்கம் பாருங்க. நிப்பிளைத் திறந்தும் சுத்தலைன்னா வீல் சிலிண்டர் துருவில் இறுகியிருக்கும், இல்லை ஷூ ஸ்பிரிங் போயிருக்கும்.

ஏர் எடுப்பது

ரெண்டு பேர் வேணும். எங்க வீட்டில் பையன் பெடலில், நான் அடியில். "மிதி… பிடிச்சுக்கோ" என்பேன், நிப்பிளைத் திறப்பேன். "இறங்கிடுச்சுப்பா" என்பான், மூடுவேன். மூடின பிறகுதான் அவன் காலை எடுப்பான். அந்த வரிசை மாறினால் வெளியே போன காற்று உள்ளே வந்துடும். மாஸ்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் ஆரம்பிக்கணும்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. நிப்பிளில் டியூப் மாட்டி, மறுமுனை பாட்டிலில் இருக்கிற ஆயிலுக்குள் முங்கியிருக்கணும். குமிழி நின்னா அடுத்த சக்கரம். நடுவில் டப்பா காலியாக விட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்கணும்.

பாட்டிலில் சேர்ந்ததை மறுபடி ஊத்தாதீங்க. இன்ஜின் ஆயிலையோ மண்ணெண்ணெயையோ ஒரு சொட்டுகூட பிரேக் டப்பாவில் விடக் கூடாது, எல்லா ரப்பரும் வீங்கிடும். கழிவு ஆயிலை வேலி ஓரம் ஊத்துறதும் வேண்டாம். அது தண்ணியில் கரையும் விஷம். நம்ம ஊற்றுத் தண்ணிதான் கீழே இருக்கிற வீடுகளுக்கும் மாட்டுக்கும் போகுது. கேனில் சேர்த்து வச்சு, ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது கழிவு ஆயில் சேர்க்கிற இடத்தில் கொடுத்துடுங்க.

பள்ளம் விழுந்த டிரம்மை லேத்தில் கடைவது, லைனிங்குக்கு ரிவிட் அடிப்பது, வெடிச்ச இரும்புக் குழாய் மாத்துவது, இவை சேலத்துக்குக் கொடுக்க வேண்டிய வேலை. குழாய் வெடிச்ச இடத்தில் ரப்பர் டியூப் சொருகி கிளிப் போடுறதைப் பார்த்திருக்கேன், அது ஒரு மிதிக்குத் தாங்காது. வண்டி இறங்க முடியாத நிலையில் இருந்தா டிரம்மை மட்டும் கழற்றி பஸ்ஸில் அனுப்பிடுவேன்.

மாட்டி முடிச்சதும் சரக்கில்லாமல், சமதரையில், நடக்கிற வேகத்தில் நாலு தடவை பிடிச்சுப் பாருங்க. அப்புறம் கொஞ்சம் வேகத்தில். வண்டி இடதுபக்கம் இழுத்தா பெரும்பாலும் வலதுபக்கம் பிடிக்கலைன்னு அர்த்தம், மறுபடி அட்ஜஸ்ட் பண்ணுங்க. ஒரு கிலோமீட்டர் ஓட்டிட்டு நாலு டிரம் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டு போய்ப் பாருங்க. ஒன்று மட்டும் தனியா கொதிச்சா அது உரசுது. நாலும் ஒரே சூடுன்னா மூட்டையை ஏத்தலாம்.