அனுப்புமுன் விசாரியுங்கள்



2018-ம் வருஷம் என் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. பைக்கில் வருகிற இரண்டு பேர், தெருவில் விளையாடுகிற ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். "பிள்ளை பிடிக்கிறவங்க நம்ம பக்கம் வந்துட்டாங்க, எல்லாருக்கும் அனுப்புங்க" என்று எழுதியிருந்தது. நெஞ்சு பதறிப்போச்சு. யோசிக்காமல் சபை குரூப்பில் போட்டுவிட்டேன்.

உண்மை பிற்பாடு பத்திரிகையில் வந்தது. அது பாகிஸ்தானில் கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் அதே ஆட்கள் பிள்ளையைத் திரும்ப இறக்கிவிட்டு, எச்சரிக்கை அட்டையைக் காட்டுவார்கள். அந்தப் பாகத்தை மட்டும் யாரோ வெட்டிவிட்டார்கள்.

அந்த வருஷம் மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில், கோயிலுக்குப் போன வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியை ஜனங்கள் அடித்தே கொன்றார்கள். காரணம் இதே வதந்திதான். வாயால் சொன்னால்தான் பொய்ச்சாட்சியா? விரலால் அனுப்பினாலும் பொய்ச்சாட்சிதானே!

அன்றுமுதல் நான் கைக்கொள்ளுகிற ஐந்து காரியங்களைச் சொல்லுகிறேன்.

1. நில்லுங்கள். ஒரு செய்தி எவ்வளவு பதறவைக்கிறதோ, அவ்வளவு தாமதியுங்கள். "உடனே அனுப்பு" என்று விரட்டுகிற செய்தியை முதலாவது சந்தேகப்படுங்கள்.

2. முதலில் சொன்னது யார்? அனுப்பினவர் நல்லவர் என்பது அத்தாட்சி ஆகாது; அவருக்கும் யாரோ அனுப்பினதுதான். "நீங்க கண்ணால பாத்தீங்களா அண்ணே?" என்று கேளுங்கள். வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது.

3. படத்தைத் தேடுங்கள். வீடியோவை நிறுத்தி, தெளிவான இடத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போடுங்கள். "நேற்று நடந்தது" என்கிற படம் மூன்று வருஷத்துக்கு முன்பே வந்திருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஒன்றும் அகப்படாவிட்டால் உண்மை என்று முடிவுகட்டாதீர்கள். இன்று கம்ப்யூட்டரே படத்தை உண்டாக்குகிறது.

4. வெளியே விசாரியுங்கள். செய்தியையே திரும்பத் திரும்பப் பார்த்தால் உண்மை தெரியாது. நம்ம ஊரில் பிள்ளை காணாமல்போனால் போலீஸ் ஸ்டேஷனுக்குத் தெரியாதா? போன் பண்ணிக் கேளுங்கள். மத்திய அரசு அறிவிப்பு என்றால், 2019 முதல் பி.ஐ.பி.யில் அதைச் சரிபார்க்க ஒரு பிரிவே இருக்கிறது.

5. தவறினால் திருத்துங்கள். நான் அந்த வீடியோவை அழித்துவிட்டு சும்மா இருந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சகோதரி, பாத்திரம் விற்க வந்த பெண்ணைத் தெருவே சேர்ந்து துரத்தினதாகச் சொன்னார். "பாஸ்டர் அனுப்பினதாச்சே" என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை. ஆராதனை முடிந்ததும் எல்லார் முன்பாகவும் நின்று, "நான் அனுப்பினது பொய்" என்று ஒத்துக்கொண்டேன். குரூப்பிலும் அப்படியே எழுதினேன். வெட்கமாய்த்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெண் திரும்ப நம்ம தெருவுக்கு வரவேயில்லை.

பிரியமானவர்களே, இன்றைக்கு உங்கள் போனில் அனுப்பக் காத்திருக்கிற செய்தி எது? பத்து நிமிஷம் விசாரியுங்கள். அது யாரோ ஒருவருடைய உயிராக இருக்கலாம்.