'இல்லை' எங்கே நிற்கிறது?

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய பாடத்தாளைப் பொறுமையாகப் படித்தேன். வார நாள்களில் டச்சுப் பிள்ளைகளுக்கு ஆங்கில டியூஷன் எடுக்கிறாய். அவர்களுக்காகச் செய்த அதே தாளை ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் கேலாங்கில், இங்கே வேலைக்கு வந்திருக்கிற நம் தமிழ்த் தம்பிமாருக்கும் நடத்தலாமா என்று கேட்டிருக்கிறாய். தாளில் குறை ஒன்றும் இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு அது நன்றாகப் பொருந்தும். ஆனால் கேலாங்குக்கு அதைக் கொண்டுபோகாதே.

'சம்', 'எனி', 'நோ', 'எவ்ரி' என்ற நான்கையும் சுற்றித்தான் உன் பாடம் ஓடுகிறது. டச்சுக்காரப் பிள்ளைக்கு இதில் எது கடினம், எது எளிது என்று நீயே கண்டிருப்பாய். அவர்கள் மொழியில் 'ஈமண்ட்' என்ற ஒரே சொல் 'சம்படி'க்கும் 'எனிபடி'க்கும் சேர்த்து வேலை செய்கிறது. 'ஈட்ஸ்' என்ற சொல்லும் அப்படியே. அதனால் எதையாவது பார்த்தாயா என்று கேட்கும்போதும், எதையோ பார்த்தேன் என்று சொல்லும்போதும் அந்தப் பிள்ளை 'சம்திங்' என்றே எழுதும். 'மச்', 'மெனி' இரண்டுக்கும் அவர்களிடம் 'ஃபேல்' ஒன்றுதான் உண்டு. ஆனால் 'நோபடி', 'நத்திங்' ஆகிய இரண்டையும் நீ சொல்லித்தரவே வேண்டாம். 'நீமண்ட்', 'நீட்ஸ்' என்று இணையான சொற்கள் அவர்கள் வீட்டிலேயே இருக்கின்றன. உன் தாள் 'சம்', 'எனி' பயிற்சிகளால் நிறைந்திருப்பதும், 'நோபடி'க்கு இரண்டே வரி ஒதுக்கியிருப்பதும் அவர்களைப் பொறுத்தவரை சரி.

தமிழருக்கு இது தலைகீழ். யாரோ வந்தார்கள், யாராவது வந்தார்களா என்று நாம் இரண்டையும் பிரித்தே பேசுகிறோம். எத்தனை பேர், எவ்வளவு சோறு என்ற பிரிவும் நமக்கு உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு 'ஹவ் மெனி', 'ஹவ் மச்' இரண்டையும் ஒரே மாலையில் முடித்துவிடலாம். நம்மிடம் இல்லாதது 'நோபடி'. யாரும் என்ற சொல்லுக்குள் மறுப்பு கிடையாது. வரவில்லை என்ற வினையில்தான் அது இருக்கிறது, அந்த வினையும் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. ஆகவே நம் ஆள் இயல்பாக 'எனிபடி டிட் நாட் கம்' என்கிறான். ஆங்கிலத்தில் 'எனி' மறுப்பைத் தாங்கவேண்டுமானால் அதற்கு முன்னால் 'நாட்' போன்ற ஒரு சொல் நிற்கவேண்டும். பின்னால் வரப்போகிற மறுப்புக்காக அது காத்திருக்காது. எழுவாயிலேயே மறுப்பைச் சொல்லவேண்டிய இடத்தில் 'நோபடி' என்றுதான் தொடங்கியாக வேண்டும். கேலாங் வகுப்பின் முதல் பாடம் இதுவாக இருக்கட்டும்.

இலக்கணச் சுத்தத்துக்காக நான் இதை வலியுறுத்தவில்லை. சம்பளப் புகாரோடு போகிற ஒருவனை நினைத்துப் பார். மூன்று மாதமாக ஒரு காசும் வரவில்லை. ஊரில் சொல்வதுபோல, மூணு மாசச் சம்பளம் எல்லாம் தரலை என்று மனத்தில் வைத்துக்கொண்டு 'கம்பெனி டிட் நாட் பே ஆல் மை சேலரி' என்கிறான். எதிரே இருப்பவருக்கு அதன் பொருள், பாதி கொடுத்தார்கள், மீதி நிற்கிறது என்பது. 'சம் சேலரி' என்று சொன்னாலும் அதே கதிதான். 'டிட் நாட் பே எனி சேலரி' என்று சொன்னால் மட்டுமே ஒரு வெள்ளிகூட வரவில்லை என்பது போய்ச் சேரும். சம்பளத் தகராறுகள் முதலில் சமரசத்துக்குப் போகிற இடம், டாடம் என்று சொல்கிறோமே, அந்த முத்தரப்பு அமைப்பு.  அங்கே பிறகு மொழிபெயர்ப்பாளர் வந்து விளக்கலாம். ஆனாலும் பாதிக்கப்பட்டவன் தன் வாயால் சொல்கிற முதல் வாக்கியம் சரியாக இருக்கவேண்டும் என்று நான் விரும்புகிறேன். அந்த உரிமை அவனுக்கு உண்டு.

அடுத்தது 'ஆல்', 'எவ்ரி' இரண்டோடும் மறுப்பு சேரும் இடம். எல்லாரும் வரவில்லை என்றால் ஒருவரும் வரவில்லை என்றும் கொள்ளலாம், சிலர்தான் வந்தார்கள் என்றும் கொள்ளலாம். நம் இலக்கணக்காரர்கள் இதை முன்பே கவனித்திருக்கிறார்கள். எல்லாரும் என்பதன் கடைசியில் நிற்கிற உம்முக்குத் தொல்காப்பியம் சொல்லும் எட்டுப் பொருளில் முற்றும் (முழுமை) ஒன்று, எச்சமும் (மீதி உண்டு என்பது) ஒன்று. முற்றும்மை சில இடங்களில் எச்சமாகிவிடும் என்று அதுவும் நன்னூலும் தனியாகவே சொல்கின்றன. இதை வேலையிடத்தில் வைத்துப் பார். சாரத்தின்மேல் நிற்கிற ஆளிடம் மேற்பார்வையாளர் 'நாட் ஆல் த போல்ட்ஸ் ஆர் டைட்' என்கிறார். சில போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றன என்பது செய்தி. இவன் காதில் 'ஆல்', 'போல்ட்ஸ்', 'டைட்' என்ற மூன்று சொற்கள் விழுந்தால் என்ன ஆகும்? தமிழில் மறுப்பைக் கடைசியில் கேட்டுப் பழகியவன் முதலில் வந்த 'நாட்'டைத் தவறவிடக்கூடும். அதனால் வாக்கியத்தின் முதல் சொல்லைக் கேட்கப் பழக்கு. 'நாட் ஆல்' என்றால் சிலது இல்லை. 'நன்' என்றால் ஒன்றுமே இல்லை. இந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லி, கேட்ட உடனே தமிழில் பொருள் சொல்லச் செய். எழுத வைக்காதே. வேலை தொடங்குமுன் நடக்கிற டூல்பாக்ஸ் மீட்டிங்கில் அவன் கையில் பேனா இருக்காது.

'ஃபியூ', 'எ ஃபியூ' பற்றி உன் தாளில் ஒரு பக்கம் முழுக்க விளக்கம் இருக்கிறது. நமக்கு அத்தனை வேண்டாம். சில இருக்கு என்றால் 'எ ஃபியூ'; சிலதான் இருக்கு, போதாது என்றால் 'ஃபியூ'. கொஞ்சம் தண்ணி இருக்கு என்றால் 'எ லிட்டில்', கொஞ்சந்தான் இருக்கு என்றால் 'லிட்டில்', அதே கணக்கு. இந்தத் தான்-ஐக் காட்டினால் வகுப்பில் எல்லார் முகமும் தெளிந்துவிடும். ஆனால் ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல். சிங்கப்பூர்ப் பேச்சில் அந்தச் சின்ன 'எ' அடிக்கடி விழுந்துபோகிறது. ஃபோர்மன் 'ஃபியூ பீசஸ் லெஃப்ட்' என்றால் போதுமான அளவு இருக்கிறதா, தீரப்போகிறதா என்று திருப்பிக் கேட்கச் சொல்லிக்கொடு. 'இனஃப் ஆர் நாட்' என்று கேட்டால் போதும். எந்த ஃபோர்மனுக்கும் அது புரியும்.

இங்கே இன்னொன்று. 'எனிதிங் ஆல்சோ கேன்' என்று அவர்கள் பேசினால் திருத்திக்கொண்டிருக்காதே. இந்த ஊர் முழுக்கப் பேசுகிற பேச்சு அது. நம் காதுக்கும் அது அந்நியமில்லை, எதுவும் என்பதில் இருக்கிற உம்தானே அந்த 'ஆல்சோ'. வேலையிடத்தில் அது அவர்களை நான்கு பேரோடு சேர்த்துவைக்கிறது. அலுவலகத்தில் பேசவும் கடிதம் எழுதவும் வேறு வாக்கியம் உண்டு என்று மட்டும் காட்டு.

'ஈச்', 'எவ்ரி' இரண்டுக்கும் தனிப் பயிற்சித்தாள் அடிக்காதே. அவர்களுடைய பே ஸ்லிப்பையே கொண்டுவரச் சொல். 2016 ஏப்ரல் 1 முதல் இந்த ஊரில் விவரமான சம்பளச் சீட்டு தருவது சட்டப்படி கட்டாயம். ஓவர்டைம் ஒவ்வொரு மணிக்கும் எவ்வளவு, எதற்காகப் பிடித்தம் என்று வரிவரியாகப் படித்தால் பாடமும் நடக்கும், கணக்கும் சரிபார்க்கப்படும். சீட்டில் ஏதாவது இடித்தால் நீயே தீர்ப்புச் சொல்லாமல், வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் அமைப்புகளைக் காட்டிவிடு. 2006இல் தொடங்கிய ஹெல்த்சர்வ் கேலாங்கிலேயே நெடுநாள் மருந்தகம் நடத்தியது. அங்கே போய்ப் பழகியவர்கள் உன் வகுப்பில் நிச்சயம் இருப்பார்கள். வழி தெரியாதவர்களுக்கு அவர்களே வழி சொல்வார்கள்.

உன்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். நீ இங்கேயே பிறந்து வளர்ந்தவன். ஆங்கிலம் உனக்கு யோசிக்காமல் வருகிறது, தமிழ் யோசித்தால்தான் வருகிறது. டச்சுப் பிள்ளைகளிடம் அவர்கள் மொழி தெரியாமலே ஓரளவு சமாளித்துவிடலாம், ஏனென்றால் அந்த மொழியும் ஆங்கிலத்துக்கு நெருங்கிய உறவுதான். கேலாங்கில் அப்படி முடியாது. ஒருவன் ஏன் இப்படித் தப்புச் சொல்கிறான் என்பது அவன் தமிழைக் கேட்டால்தான் தெரியும். அதனால் வகுப்பில் தமிழைத் தடுக்காதே. நன்னூலில் உம்மை பற்றிய பகுதியை இந்த வாரமே உரையோடு படி, புரியாத இடத்தில் என்னைக் கூப்பிடு. வருகிறவர்களில் பாதிப்பேர் உன்னைவிட மூத்தவர்கள். சார் என்று அவர்கள் உன்னைக் கூப்பிட்டாலும் நீ அவர்களை அண்ணே என்றே கூப்பிடு. ஆறு நாள் வெயிலில் நின்றுவிட்டு ஓய்வு நாளில் படிக்க வருகிறார்கள். வீட்டுப்பாடம் கொடுக்காதே.

அடுத்த ஞாயிறு 'நோபடி'யில் தொடங்கு. சம்பள வாக்கியத்தை ஒவ்வொருவரும் தன் வாயால், உன் உதவியில்லாமல் சொல்லும்வரை வகுப்பை முடிக்காதே.

அன்புடன்,
உன் அத்தை