மறதியும் நற்கடைப்பிடியும்



எண்வகை மார்க்கத்தின் ஏழாவது அங்கம் சம்மா சதி. தமிழில் அதனை நற்கடைப்பிடி என்பர். சதி என்னும் பாலிச் சொல்லுக்கு நினைவு என்பதே மூலப்பொருள். அவ்வாறாயின், நினைவு தவறியவர் மார்க்கத்தினின்றும் தவறியவரோ? இவ்வினா ஏட்டைப் படித்து எழுந்ததன்று. 84 வயதான என் தாயாருடன் வாழ்வதனால் எழுந்தது.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட சிற்றூர் எங்களுடையது. 1956 நவம்பர் 1ஆம் நாள், தோவாளை முதல் விளவங்கோடு வரையுள்ள நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தைச் சேர, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. அரசினர் வரைந்த அவ்வெல்லை என் தாயாருக்கு மறந்துவிட்டது. களியக்காவிளைச் சந்தையில் பழக்காரர் ஒரு சீப்புக்கு அறுபது ரூபாய் என்றார். "அது எத்தனை சக்கரம்?" என்று அம்மா வினவினார். 28 சக்கரம் ஒரு ரூபாய் என்னும் பழைய திருவிதாங்கூர்க் கணக்கில் பெருக்கி, "1680 சக்கரம், அம்மா" என்றேன். "ஒரு சீப்புப் பழத்துக்கா? தோட்டத்தையே வாங்கலாமே, மக்களே!" என்று அவர் அதட்ட, பழக்காரர் சிரித்தார், அம்மாவும் சேர்ந்து சிரித்தார்.

பௌர்ணமி தோறும் பஞ்சசீலம் ஓதுகையில் நான்கு சீலத்தோடு நின்றுவிடுவார். ஐந்தாவது எது என்றால், "கள்ளைப் பற்றியதுதானே? அது ஆண்பிள்ளைகளுக்கு உள்ளது, நீ சொல்லு" என்பார். நானும் பலமுறை ஓதுவித்துச் சலித்தேன்.

சூளபந்தகர் வரலாற்றை அன்பர்கள் அறிவர். நான்கு மாதம் முயன்றும் ஒரே ஒரு காதையை அவரால் மனனம் செய்ய இயலவில்லை. தமையனாரான மகாபந்தகரே அவரைச் சங்கத்தை விட்டுப் போகச் சொன்னார். பகவரோ அவர் கையில் ஒரு தூய துணியைக் கொடுத்துத் தடவிக்கொண்டிருக்கச் செய்தார். வெண்துணி அழுக்கேறியது கண்டு அநித்தியத்தை உணர்ந்து அவர் அரகந்தரானார். சொல்லை மறந்தவர் பொருளை அடைந்தார். சொல்லை அறிந்த தமையனார் அன்று பொறுமையை மறந்தார்.

வேலித் தகராற்றினால் எங்களோடு பதினொரு ஆண்டு பேசாதிருந்தவர் ஒருவர் அடுத்த வீட்டில் உண்டு. ஒருநாள் அம்மா அவரைக் கூப்பிட்டு, அவித்த மரச்சீனிக் கிழங்கைக் கொடுத்து, "ஏன் இத்தனை நாள் இந்தப் பக்கம் வரவில்லை?" என்று கேட்டுவிட்டார். அவர் திகைத்தார், பிறகு உண்டார். வேலியின் அளவுகளை விரற்கடை பிசகாமல் நினைவில் வைத்திருந்த நான் உள்ளே ஒளிந்து நின்றேன்.

இவையெல்லாம் சிரிப்பிற்குரியவை. ஆனால் என் தந்தையார் காலமாகி ஆண்டுகள் பல ஆயினும், அந்தியானதும் அம்மா வாசலை நோக்கி, "மக்களே, உன் அப்பா வந்தாச்சா?" என்பார். பொய்யுரையாமை நம் சீலமன்றோ? ஆகவே உண்மையை உரைத்தேன். அன்றுதான் கைம்பெண் ஆனவர்போல் அழுதார். மறுநாளும் கேட்டார், மறுநாளும் அழுதார். மூன்றாம் நாள், "எத்தனை தரம் சொல்வது!" என்று சீறினேன். நற்கடைப்பிடியைப் பற்றிக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசிவிட்டு அப்பொழுதுதான் வீடு திரும்பியிருந்தேன். மறந்தவர் யார்?

உண்மையா, நன்மை பயக்குமா, உரைக்கத்தக்க காலமா என்று ஆராய்ந்தே ததாகதர் பேசுவார் என்பது அபயராஜகுமார சூத்திரத்தின் சாரம். ஆகவே பொய்யும் புகலாமல், புண்ணையும் கீறாமல், "அப்பா அம்மாவுக்கு என்னவெல்லாம் வாங்கிட்டு வந்தாங்க?" என்று இப்பொழுது கேட்கிறேன். "கடலைதான். பாதி வழியிலேயே அவரே தின்றுவிடுவார்" என்று சிரிக்கிறார். வாசலை நோக்கிய முகம் என் பக்கம் திரும்புகிறது.

முதுமையில் நேரும் இத்தகைய மறதியை முற்பிறப்பின் வினையென்று பழிப்பது அறியாமை. ஜெர்மானிய மருத்துவர் அல்சைமர் 1906இலேயே மூளை நோய் ஒன்றை இதற்குக் காரணமாக விளக்கியுள்ளார். மறதி மிகுமாயின் மருத்துவரிடம் காட்டுதல் பிள்ளைகளின் கடமை.

பெற்றோரைத் தோளிற் சுமந்து நூறாண்டு திரிந்தாலும் கடன் தீராது. அவரைச் சிரத்தையில் நிலைபெறச் செய்தலே கைம்மாறு என்பது அங்குத்தர நிகாயத்தின் போதனை. அம்மாவுக்குச் சிரத்தையை ஊட்டவேண்டும் என எண்ணியிருந்தேன். ஐந்தாம் சீலத்தின் பெயரை அவர் அறியார். ஆயினும் கள்ளைத் தீண்டியதில்லை. பகையை நீக்கும் வாசகம் எதையும் ஓதியதில்லை. ஆயினும் பகை அவரிடம் தங்கவில்லை. நூலாலையில் இழை அறுந்தால் இழையை வைவதில்லை. இரு முனைகளையும் எடுத்து ஒட்டுவோம். அறுந்த நினைவை ஒட்டும் விரல் பிள்ளையினுடையதாக இருக்கட்டும்.

இம்மாதப் பயிற்சி: வீட்டு முதியவர் ஒன்றையே மீண்டும் கேட்கையில், விடை கூறுமுன் ஒரு மூச்சை முழுதும் கவனியுங்கள். முதல் முறை கேட்டதுபோல் மறுமொழி கூறுங்கள். அதுவே அவ்வேளைக்குரிய நற்கடைப்பிடி.

எல்லா உயிர்களும் இன்புறுக. சாது! சாது! சாது!