பென் டிரைவ் சொருகியும் கணினி வேகம் எடுக்கவில்லையா?

பழைய கணினி திணறினால் "ஒரு பென் டிரைவைச் சொருகி ரெடிபூஸ்ட் போடு, ரேம் கூடிடும்" என்று சொல்ல எப்போதும் ஓர் ஆள் இருப்பார். பென் டிரைவால் ரேம் கூடாது. விண்டோஸ் விஸ்டாவோடு 2007-ல் வீடுகளுக்கு வந்த இந்த வசதி செய்வது வேறு. ஹார்டு டிஸ்கிலிருந்து அடிக்கடி எடுக்கவேண்டியிருக்கிற சின்னச் சின்னத் தகவல்களின் நகலை அது பென் டிரைவில் வைத்துக்கொள்கிறது. வாடிக்கையாளர் ஓயாமல் கேட்கிற சரக்கை மளிகைக்கடைக்காரர் கல்லாவுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வாரே, அப்படி.

இதில் லாபம் எங்கே வருகிறது? ஹார்டு டிஸ்கின் தகடு சுழன்று, படிக்கும் முனை சரியான இடத்துக்குப் போய்ச் சேர 10 மில்லி செகண்டுக்கு மேலேயே ஆகும். பென் டிரைவில் சுழலும் பாகம் எதுவும் இல்லை, 1 மில்லி செகண்ட் போதும். ஆனால் பெரிய கோப்பை ஒரே மூச்சில் படிக்கும் வேலையில், யுஎஸ்பி 2.0 பென் டிரைவை ஹார்டு டிஸ்க் சுலபமாக முந்திவிடும். அதனால் அந்த வேலையை விண்டோஸ் பென் டிரைவிடம் கொடுப்பதே இல்லை. வீடியோவைக் காப்பி செய்து பார்த்துவிட்டு "ஒரு மாற்றமும் இல்லையே" என்று அலுத்துக்கொள்வதில் பயனில்லை. வேர்டு, பிரவுசர் போன்றவை திறக்கும் நேரத்தில்தான் வித்தியாசம் தெரியும்.

முதலில் இது உங்கள் கணினிக்குத் தேவையா?

விண்டோஸ் 10-ல் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் மெமரி எத்தனை ஜிபி, டிஸ்க் எந்த வகை என்று பாருங்கள். ரேம் 1, 2 ஜிபி, உள்ளே இருப்பது ஹார்டு டிஸ்க் என்றால் முயன்று பார்க்கலாம். 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த பழைய கணினிகள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. அவற்றில் பல இந்த ரகம்தான். ரேம் 4 ஜிபியைத் தாண்டினால் பலன் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது.

சி டிரைவ் எஸ்எஸ்டியில் இருந்தால், இந்தக் கணினி ஏற்கெனவே போதிய வேகத்தில் இருக்கிறது, ரெடிபூஸ்ட்டால் கூடுதல் பயன் இராது என்ற செய்தி வரும். பலர் இதைப் பழுது என்று நினைத்துச் சரிசெய்யக் கிளம்புகிறார்கள். விண்டோஸ் சொல்வது உண்மை, விட்டுவிடுங்கள்.

ரெடிபூஸ்ட் டேப் காணோம்

பென் டிரைவின் மேல் வலது கிளிக் செய்து ப்ராபர்ட்டீஸ் போனால் 'ரெடிபூஸ்ட்' என்று ஒரு டேப் இருக்கவேண்டும். விண்டோஸ் 11-ன் 22எச்2 பதிப்பிலிருந்து அது எடுக்கப்பட்டுவிட்டது. அங்கே தேடிப் பயனில்லை. விண்டோஸ் 7, 8, 10-ல் டேப் இல்லாவிட்டாலோ, இருந்தும் வேலை செய்யாவிட்டாலோ, முதல் சந்தேகம் 'சிஸ்மெயின்' சர்வீஸ் மீது விழவேண்டும். பழைய பதிப்புகளில் இதன் பெயர் 'சூப்பர்ஃபெட்ச்'. ரெடிபூஸ்ட் நடப்பது இதன் தயவில்தான். "கணினி வேகமாக இதை ஆஃப் பண்ணுங்க" என்று ஒரு வீடியோ சொல்ல, நாமும் அணைத்துவிட்டு, அடுத்த வீடியோவைப் பார்த்து ரெடிபூஸ்ட்டைத் தேடுகிறோம்! இரண்டு அறிவுரையும் ஒரே கணினியில் செல்லாது.

ஸ்டார்ட் மெனுவில் 'சர்வீசஸ்' என்று தேடித் திறந்து, 'சிஸ்மெயின்' வரியை இரட்டை கிளிக் செய்யுங்கள். ஸ்டார்ட்அப் டைப்பை 'ஆட்டோமேட்டிக்' ஆக்கி, 'ஸ்டார்ட்' அழுத்தி, ஓகே கொடுங்கள். பிறகு பென் டிரைவை எடுத்துவிட்டு மறுபடி சொருகவேண்டும்.

"இந்த டிவைஸுக்குத் தகுதி இல்லை" என்கிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். விண்டோஸ் பென் டிரைவைச் சோதித்துப் பார்க்கிறது. 4 கேபி துண்டுகளாக அங்கும் இங்கும் படிக்கையில் நொடிக்கு 2.5 எம்பி, 512 கேபி துண்டுகளாக எழுதுகையில் 1.75 எம்பி வேகம் அதற்கு வேண்டும். அட்டையில் '100 எம்பி' என்று அச்சிட்டிருப்பது பெரிய கோப்பைத் தொடர்ந்து படிக்கும் வேகம். இந்தத் தேர்வில் அது உதவாது.

முதலில் இடத்தை மாற்றுங்கள். யுஎஸ்பி ஹப், நீட்டிப்பு வயர், மேசைக் கணினியின் முன்பக்கத் துளை எல்லாவற்றையும் தவிர்த்து, பின்பக்கம் மதர்போர்டிலேயே இருக்கும் துளையில் சொருகுங்கள். உள்ளே நீல நிறம் தெரிந்தால் பெரும்பாலும் அது யுஎஸ்பி 3.0. வேறு எந்தக் காப்பியும் ஓடாத நேரத்தில், ரெடிபூஸ்ட் டேபில் உள்ள 'டெஸ்ட் அகெய்ன்' பொத்தானை அழுத்துங்கள். அப்போதும் தேறவில்லையா? உள்ளே இருப்பதை வேறிடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, ஒருமுறை ஃபார்மேட் செய்து மீண்டும் சோதியுங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் காரணத்தை விண்டோஸே எழுதி வைத்திருக்கும். ஈவென்ட் வியூவரில் 'அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ்', 'மைக்ரோசாஃப்ட்', 'விண்டோஸ்', 'ரெடிபூஸ்ட்', 'ஆபரேஷனல்' என்று வரிசையாகத் திறந்து பாருங்கள். டிரைவ் முழுக்க ஒரே சீரான வேகம் இல்லை என்று ஒரு வரி இருக்கலாம். சில பென் டிரைவ்களில் ஒரு பகுதி மட்டும் வேகமாகவும் மீதி மந்தமாகவும் இருக்கும், அதைத்தான் சொல்கிறது. ரெஜிஸ்ட்ரியில் எண்ணை மாற்றி இந்தச் சோதனையை ஏமாற்றும் வித்தை ஒன்று உலவுகிறது. அதனால் விண்டோஸ் ஏமாறும், டிரைவ் வேகமாகாது. வேறு டிரைவ் பாருங்கள்.

4 ஜிபிக்கு மேல் நகரவில்லை

16 ஜிபி டிரைவ் போட்டும் 4094 எம்பியோடு நின்றால், அது ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கிறது. அந்த முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது. என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்தால் விண்டோஸ் 7 முதல் ஒரு டிரைவில் 32 ஜிபி வரை ஒதுக்கலாம். ஆனால் அவ்வளவு தேவையில்லை. ரேம் எவ்வளவோ அவ்வளவு முதல் இரண்டரை மடங்கு வரை போதும்.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்?

பென் டிரைவின் விளக்கு மினுக்குவதை நம்பவேண்டாம். 'பெர்ஃபார்மன்ஸ் மானிட்டர்' திறந்து, பச்சைக் கூட்டல் குறியை அழுத்தி, 'ரெடிபூஸ்ட் கேஷ்' பட்டியலிலிருந்து 'பைட்ஸ் கேஷ்டு', 'கேஷ் ரீட்ஸ்' இரண்டையும் சேருங்கள். முதல் எண் கொஞ்சம் கொஞ்சமாக ஏறவேண்டும். நீங்கள் ஒரு புரோகிராமைத் திறக்கும்போது இரண்டாவது துள்ளவேண்டும். சொருகிய உடனே பலன் தெரியாது. கணினியை வழக்கம்போல் சில நாள் பயன்படுத்திய பிறகுதான் எது அடிக்கடி வேண்டும் என்று அதற்குப் பிடிபடும். அப்போதும் எண்கள் அசையவில்லை என்றால், இன்னொரு பென் டிரைவுக்குப் போகும் காசை எஸ்எஸ்டிக்குச் சேர்த்துவையுங்கள். பழைய ஹார்டு டிஸ்கை மாற்றி எஸ்எஸ்டி போட்டால் கிடைக்கும் வேகத்தை எந்தப் பென் டிரைவும் தராது.

டிரைவில் இடம் காணாமல் போனால் பதறவேண்டாம். 'ரெடிபூஸ்ட் டாட் எஸ்எஃப்கேஷ்' என்ற ஒரே கோப்பு அதைப் பிடித்திருக்கும். உள்ளிருப்பது 128 பிட் ஏஇஎஸ் முறையில் பூட்டிய நகல் மட்டுமே, மூலம் ஹார்டு டிஸ்கில் இருக்கிறது. அதனால் யாராவது நடுவில் பிடுங்கிவிட்டாலும் உங்கள் கோப்புகள் தொலையாது. ஆனால் ஓயாமல் எழுதப்படும் டிரைவ் சீக்கிரம் தேயும். கல்யாண போட்டோக்கள் இருக்கும் டிரைவை இதற்குக் கொடுக்காதீர்கள்.

டிரைவைத் திரும்ப எடுக்கவேண்டுமானால், அதே டேபில் 'டு நாட் யூஸ் திஸ் டிவைஸ்' தேர்வுசெய்து ஓகே கொடுங்கள். அந்தக் கோப்பு தானே போய்விடும். "டிரைவ் பயன்பாட்டில் உள்ளது" என்று எஜெக்ட் செய்ய விடாமல் அடம்பிடிப்பதும் இதைச் செய்த பிறகு நின்றுவிடும்.