ஈசிஎம் மாத்துறதுக்கு முன்னாடி எர்த் பாருங்க

நாமக்கல்ல முட்டை லோடு அடிக்கிற என் மாமாவோட பிக்கப் ஒருநாள் ஸ்டார்ட் ஆகல. கீ போட்டா ஸ்கேனர் கனெக்ட் ஆகுது, செல்ஃப் அடிச்சா கட் ஆகுது. "ஈசிஎம் போச்சு, மாத்தணும்"னு சொல்லிட்டாங்க. வண்டி நின்னா அன்னைக்கு வருமானமும் இல்ல.

நான் மல்டிமீட்டர் எடுத்தேன். முதல்ல கன்டினியூட்டி: எர்த் ஒயர் பீப் அடிச்சுது. இங்கதான் ஏமாறுவோம். பத்து இழையில் ஒன்று மிஞ்சினாலும் மீட்டர் பீப் அடிக்கும், ஏன்னா அது அனுப்புற கரன்ட் ரொம்பக் குறைவு. லோடு இருக்கும்போது அளக்கணும். ஒரு புரோப் பேட்டரி மைனஸில், இன்னொன்று ஈசிஎம் எர்த் பின்னில் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் போனால் சந்தேகப்படலாம். எனக்கு 3.1 வந்தது! அந்த நேரம் பேட்டரியே 9.8-க்கு இறங்கியிருந்தது, ஈசிஎம்முக்கு மிஞ்சியது 6.7தான். அதான் ரீசெட் ஆகியிருக்கு. பேட்டரி ட்ரேக்குக் கீழே எர்த் போல்ட்டில் துரு. தேய்ச்சு முறுக்கினோம், ஸ்டார்ட் ஆயிடுச்சு.

நிஜமாவே ஈசிஎம் போயிருந்தா? காயலான் கடையில பழசு வாங்கி மாட்டினா பெரும்பாலும் ஓடாது, இம்மொபிலைசர் சாவியை ஏத்துக்காது. புதுசுல சேசிஸ் நம்பர், இன்ஜெக்டர் தலையில் அச்சடித்திருக்கும் கோடு எல்லாம் எழுதணும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 டீசல் வண்டின்னா டிபிஎஃப் புகைக்கரி கணக்கும் சேரும். பழைய பெட்டி பேசும் நிலையில் இருந்தால், கழற்றும் முன்பே இதையெல்லாம் ஸ்கேனரில் படித்துச் சேமியுங்கள். பேட்டரி மைனஸைக் கழற்றிய பிறகே கனெக்டரில் கை வையுங்கள்.