டிஸ்பிளே வரவில்லையா? மாற்றாதீர்கள், கழற்றுங்கள்

சென்னை ரிச்சி தெருவில் பாகங்களை வாங்கிவந்து வீட்டு மேஜையில் வைத்து அசெம்பிள் செய்கிறவர்கள் கடலூரிலும் சிதம்பரத்திலும் இருக்கிறார்கள். ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் கறுப்பாகவே கிடக்கும். சென்னைக் கடைக்காரருக்கு இது ஒரு விஷயமே இல்லை. அலமாரியிலிருந்து வேறொரு ராமை எடுத்துச் செருகுவார்; சரிவராவிட்டால் வேறொரு போர்டு. நமக்கு அந்த வசதி கிடையாது. உங்கள் போர்டுக்குப் பொருந்துகிற அதே தலைமுறைப் பிராசசர் மஞ்சக்குப்பத்திலோ சிதம்பரம் மேல வீதியிலோ சும்மா கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது. கடலூரிலிருந்து சென்னை ஏறத்தாழ 180 கிலோமீட்டர், சிதம்பரத்திலிருந்து இன்னும் நாற்பதுக்கு மேல். போய்வரவே ஒரு நாள் ஓடிவிடும். அதனால் நம் ஊருக்கு ஏற்றது ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதல்ல, ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்ப்பது என்பது என் கட்சி.

முதல் திரை வருவதற்குக் கம்ப்யூட்டருக்குத் தேவையானவை மிகச் சில: போர்டு, கூலரோடு பிராசசர், ஒரே ஒரு ராம், எஸ்எம்பிஎஸ், படம் காட்ட ஒரு வழி. எஸ்எஸ்டி இல்லாமலே பயாஸ் திரை வந்துவிடும்; கேபினெட்டும் வேண்டியதில்லை. ஆகவே பிளக்கைப் பிடுங்கிவிட்டு எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். போர்டை அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வையுங்கள். பளபளப்பான அந்தக் கவரின் மேல் வேண்டாம், அதன் வெளிப்பக்கத்தில் மின்சாரம் பாயக்கூடும். பவர் பட்டனின் ஒயர் மாட்டுகிற இரண்டு பின்களையும் ஸ்குரூ டிரைவர் நுனியால் ஒரு நொடி சேர்த்துத் தொட்டால் போர்டு ஆன் ஆகும். இப்போது டிஸ்பிளே வந்தால், குற்றம் கேபினெட்டில் இருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் தேவையில்லாத இடத்தில் நிற்கிற ஒரு பித்தளைத் தண்டு போர்டின் முதுகில் உரசியிருக்கும், அல்லது பட்டன் ஒயர் பக்கத்துப் பின்னில் மாட்டியிருக்கும். வராவிட்டால், சந்தேகப்பட வேண்டியவை விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குக் குறைந்துவிட்டன.

அந்தச் சிலவற்றிலும் பொருள் செத்திருப்பதைவிட, சரியாகப் பொருந்தாமல் இருப்பதே அதிகம் என்பது என் அனுபவம். பிராசசருக்கென்று போர்டின் மேல் மூலையில் இருக்கிற 8 பின் பவரை மாட்டாவிட்டாலும் ஃபேன் ஜோராகச் சுற்றும், பிராசசர் மட்டும் எழாது. அதற்குரிய கேபிள் நாலும் நாலுமாகப் பிரியும். ஆறும் இரண்டுமாகப் பிரிவது கிராபிக்ஸ் கார்டுக்குரியது, அதை இங்கே அழுத்தித் திணித்தால் போர்டு போய்விடும். ராம் ஒரு பக்கம் 'டக்' என்று பூட்டிக்கொண்டு மறுபக்கம் ஒரு மில்லிமீட்டர் தூக்கி நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, கட்டைவிரலுக்குத் தெரியும். நான்கு ஸ்லாட் போர்டுகளில் ஒற்றை ராமுக்குரிய இடம் பெரும்பாலும் பிராசசரிலிருந்து இரண்டாவது. மானிட்டர் கேபிளைக் கார்டில் மாட்டாமல் போர்டில் மாட்டுவது இன்னொரு வழக்கமான தவறு. இன்டெலில் பெயர் 'எஃப்' என்று முடிகிற பிராசசர்களுக்கும், ரைசன் 5 5600 போன்றவற்றுக்கும் சொந்தமாகப் படம் காட்டத் தெரியாது. கார்டு இல்லாமல் எத்தனை முறை ஆன் செய்தாலும் கறுப்புத்தான். அதே 5600-ஐ 2018-இல் வந்த பி450 போர்டில் பொருத்தினால், பயாஸ் பழையதாக இருக்கும்பட்சத்தில் இரண்டும் நல்ல பொருளாக இருந்தும் பூட் ஆகாது. பல போர்டுகளின் ஓரத்தில் பிராசசர், ராம், கிராபிக்ஸ், பூட் என்று நான்கு குட்டி விளக்குகள் உண்டு. எது அணையாமல் நிற்கிறதோ அங்கிருந்து தொடங்குங்கள். அதைப் பார்க்காமலே 'போர்டு டெட்' என்று தீர்ப்பு எழுதுகிறவர்களை என்ன சொல்வது!

புதுப் பொருள் கெட்டு வருவதே இல்லையா என்று கேட்கலாம். வரும். ஆனால் கழித்துப் பார்த்தவர்தான் கடைக்காரரிடம் எது கெட்டது என்று சொல்ல முடியும். மற்றவர் பெட்டியோடு பஸ் ஏற வேண்டும். கடலோர உப்புக் காற்று காரணமாயிருக்குமோ என்றும் கேட்பார்கள். முதுநகரில் ஜன்னல் கம்பி துருப்பிடிக்கிற வேகத்தைப் பார்த்தால் நியாயமான பயம்தான். ஆனால் அது வருடக்கணக்கில் செய்கிற வேலை, நேற்று கவரிலிருந்து எடுத்த போர்டில் அதற்கு இடமில்லை. (சொல்லப்போனால், இந்த ஈரக்காற்றில் நிலைமின்சாரத் தொல்லை குறைவு.) பொறுமையும் கொஞ்சம் வேண்டும்: டிடிஆர்5 போர்டுகள் முதல்முறை ராமைப் பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும், பதற்றத்தில் நடுவில் அணைத்துவிடாதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு போர்டுதான் என்று உறுதியானால் சென்னைக்கு எடுத்துப் போங்கள். போகுமுன் சாக்கெட் பின்கள் வளையாமல் இருப்பதை டார்ச் அடித்துப் போட்டோ எடுத்துவிட்டு, அதோடு வந்த பிளாஸ்டிக் மூடியை மறக்காமல் மாட்டுங்கள். வழியில் ஒரு பின் வளைந்தாலும் வாரண்டி கிடைப்பது சந்தேகம்தான்.