மத்தியான இடிக்கு முன்பாக மலையேறுங்கள்

கேள்வி: லிந்துலைப் பகுதியில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவன் நான். 1977 கலவரத்துக்குப் பின் வன்னிக்குக் குடிபெயர்ந்த பெரியப்பா குடும்பத்தின் ஆதரவில் கிளிநொச்சியில் கடை வைத்து வாழ்கிறேன். தாயார் இன்னமும் தோட்டத்திலேயே இருக்கிறார். சித்திரைப் புத்தாண்டுக்கு நானும் மனைவியும் முதன்முறையாகச் சொந்தக் காரில் ஊர் போக எண்ணியிருக்கிறோம். காலை வியாபாரத்தைப் பார்த்துவிட்டு மத்தியானம் புறப்பட்டால் இரவுக்குள் சேர்ந்துவிடலாம் என்பது என் கணக்கு. விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டும் என்பது மனைவியின் கட்சி. இந்த மாதத்தில் மலையில் வெயிலா மழையா என்று எவராலும் சொல்ல முடியாது என்கிறார்கள். எந்நேரம் புறப்படலாம்? கண்டிக்கு அப்பால் எந்த வழி உத்தமம்?
— வாசகர், கிளிநொச்சி

(கடிதத்தின் அடியில் வேறொரு கையெழுத்தில்: “வழியில் இடி மின்னல் பிடித்துக்கொண்டால் இறங்கி ஒதுங்குவதா, காருக்குள்ளேயே இருப்பதா? அதையும் எழுதுங்கள் ஐயா.”)

பதில்: வழக்கில் தங்கள் துணைவியாரின் கட்சியே ஜெயிக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில், சித்திரை மாதத்து மலைநாட்டு வானத்தைப் பற்றி ஊரார் சொல்வது பாதிதான் மெய். இன்ன நாளில் மழை உண்டா இல்லையா என்பதை நிச்சயமாகச் சொல்ல இயலாது. ஆனால், பெய்வதாயின் எந்தப் பொழுதில் பெய்யும் என்பது கொழுந்து பறிக்கிற எந்தத் தாய்க்கும் தெரிந்த விஷயம். தங்கள் திம்புள்ளப் பகுதியின் உயர்ந்த ரகத் தேயிலை விளைகிற ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட பருவம் முடிந்து, மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் வந்து மோதுவதற்கு முன்னுள்ள இந்த இடைப்பருவத்தில், பெருங்காற்று எதுவும் நாட்டை ஆளாதபடியால், அந்தந்த நாளின் வெப்பமே அந்தந்த நாளின் மழையை உண்டாக்குகிறது. ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கிறது. காலை முழுவதும் காய்ந்த தரையிலிருந்து எழும் ஈரக்காற்றும், கடலிலிருந்து உள்நோக்கி வரும் காற்றும் மலைச்சரிவில் ஏறி, மேலே குளிர்ந்து, மத்தியானத்துக்குப் பிறகு இடிமேகமாகத் திரண்டு கொட்டுகின்றன. வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கைகளில் இக்காலத்தில் ‘பிற்பகல் 2 மணிக்குப் பின்னர்’ என்ற வாசகம் அடிக்கடி வருவதன் காரணம் இதுவே.

இப்போது தங்கள் கணக்கைப் பரிசோதித்துப் பாருங்கள். கிளிநொச்சியிலிருந்து கண்டி ஏறத்தாழ 250 கிலோமீற்றர். மத்தியானம் புறப்பட்டால் கண்டியை அடையும்போது இருட்டிவிடும். அதாவது, பகலின் நல்ல வெளிச்சத்தையெல்லாம் சமதரையில் நீண்ட வன்னி வீதியில் செலவழித்துவிட்டு, வளைவும் பள்ளமும் நிறைந்த மலைப்பாதையை மழையும் மூடுபனியும் இரவும் சேர்ந்து நிற்கிற வேளைக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள். ஒரு நாள் வியாபார லாபத்துக்கு இது அதிக விலை.

ஆயினும் அம்மையாரின் யோசனையிலும் ஒரு திருத்தம் அவசியம். நடுநிசிக்குப் பின் இரண்டு, மூன்று மணிக்குக் கிளம்புவது வன்னியில் உசிதமன்று. கட்டாக்காலி மாடுகள் இரவில் ஏ-9 வீதியிலேயே படுத்துக் கிடக்கும், கறுத்த மாடு கறுத்த தாரில் அருகே வரும்வரை கண்ணுக்குத் தென்படாது. நாலரை மணி வாக்கில் புறப்பட்டு, முறிகண்டிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காயை உடைத்துவிட்டு, வவுனியா எல்லை வரைக்கும் வேகத்தை அடக்கிச் சென்றால், அதற்கப்பால் சூரியனே துணைக்கு வந்துவிடுவான். தம்புள்ளையில் காலை ஆகாரம். பத்தரை, பதினொரு மணிக்குள் கண்டி. தம்புள்ளையிலிருந்து மாத்தளை வரைக்கும் தாங்கள் ஓட்டப்போகிற பாதை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிய நம் முன்னோர் கோப்பித் தோட்டங்களை நோக்கிக் கால்நடையாய் நடந்து, வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பலர் மடிந்த அதே வடபாதையின் போக்கில்தான் செல்கிறது. தொழில் தேடி வடக்கே போன பேரன் அதே திசையில் காரில் திரும்புவதை அவர்கள் காணக் கொடுத்துவைக்கவில்லை.

கண்டிக்கு அப்பால் தங்களுக்கு மூன்று வழிகள். கம்பளையிலிருந்து புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறி, நானுஓயாவுக்கு இறங்கி லிந்துலை சேர்வது ஒன்று. காட்சிக்கு இதைப்போல் வேறில்லை. ஆனால் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியா ஏப்ரலில் வசந்தகாலக் கொண்டாட்டத்தில் மூழ்கி, மைல் கணக்கில் வாகனங்கள் நகராமல் நிற்கும். அன்றியும் அங்கிருந்து இறங்குகையில் ரதல்ல குறுக்கு வீதியைக் காட்டி எவரேனும் ஆசை மூட்டுவார்கள். 2023 ஜனவரியில் வீதி விபத்தில் ஏழு பேர் மாண்ட இடம் அது, மறுத்துவிடுங்கள். தவலந்தென்னையில் பிரிந்து பூண்டுலோயா வழியாகத் தலவாக்கலைக்கு வருவது இரண்டாவது. தூரம் குறைவாயினும், பாதையை அறிந்த உள்ளூர்ச் சாரதிக்கே அது ஏற்றது. முதன்முறை கார் ஓட்டி மலையேறுகிற தங்களுக்கு நான் சொல்வது மூன்றாவது: கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை, ஹட்டன். கினிகத்தேனைக்கும் ஹட்டனுக்கும் நடுவிலுள்ள வட்டவளை நாட்டிலேயே மழை மிகுந்த இடங்களுள் ஒன்றாகையால், அதை இரண்டு மணிக்குள் கடந்துவிடுவது நலம். ஹட்டனைத் தாண்டிவிட்டால் கொட்டகலை, டெவன், சென்கிளயர் அருவிகள், தலவாக்கலை என்று எல்லாம் தங்களுக்குத் தெரிந்த சீமைதானே.

ஓட்டும் முறையைப் பற்றிச் சில வார்த்தை. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலைச் சாரதிகளின் பழைய விதி. பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். தானியங்கிக் கியர் வண்டியாயின் ‘டி’யை விட்டுத் தாழ்ந்த கியருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும். மூடுபனியில் விளக்கை ‘டிம்’மில் வையுங்கள், முழு வெளிச்சம் பனியில் பட்டுத் தங்கள் கண்ணையே மறைக்கும். தூக்கத்தை வெல்லலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள். 2025 மே மாதத்தில் கொத்மலை கெரண்டி எல்ல பகுதியில் பயணிகள் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தது, இரவெல்லாம் ஓடிய பிரயாணத்தின் விடியற்காலையில்தான்.

மண்சரிவைப் பற்றியும் சிறிது ஜாக்கிரதை வேண்டும், விசேஷமாக 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டுச் சரிவுகளை அசைத்துவிட்டுப் போயிருக்கிற இக்காலத்தில். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை கண்டால் மஞ்சள், 100 கண்டால் செம்மஞ்சள், 150 கண்டால் சிவப்பு என்று எச்சரிக்கை விடுகிறது. மஞ்சளில் நிதானமாகப் போகலாம். செம்மஞ்சளில் பிரயாணத்தை ஒத்திவையுங்கள். சிவப்பில் யோசிக்கவே இடமில்லை. வெட்டிய மண்மேட்டின் அடியில், தேநீருக்காகவேனும் வண்டியை நிறுத்தாதீர்கள். சரிவிலிருந்து வடியும் தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலோ, மரமோ கம்பமோ சாய்ந்து நின்றாலோ, அவ்விடத்தை விட்டு அகன்றுவிடுங்கள்.

கடிதத்தின் அடியில் இடி மின்னலைப் பற்றி அம்மையார் எழுதிய கேள்விக்கு: காருக்குள்ளேயே இருங்கள். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, உலோகப் பாகங்களைத் தொடாமல் இருந்தால், காரின் தகட்டு உடலே மின்னலைச் சுற்றி நிலத்துக்கு அனுப்பிவிடும். ரப்பர் டயர் காப்பாற்றுகிறது என்பது வெறும் நம்பிக்கை. தேயிலை மலையில் தனித்து நிற்கும் மரத்தடிக்கு ஓடுவதைக் காட்டிலும் கெட்ட யோசனை வேறில்லை. இடி நின்று அரைமணி நேரம் கழித்து இறங்கலாம்.

ஏதோ காரணத்தால் கண்டியிலேயே மூன்று மணி ஆகிவிட்டதாயின், கண்டியிலோ கம்பளையிலோ இரவு தங்கி மறுநாள் காலை ஏறுங்கள். புத்தாண்டுப் புண்ணிய காலம் தவறாதிருக்க வேண்டுமாயின், அதற்கும் இடம் விட்டு ஏப்ரல் 12ஆம் தேதியே புறப்படுங்கள். திரும்பும்போதும் காலையிலேயே இறங்கிவிடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, பொலிஸ் 119, இலவச ஆம்புலன்ஸ் 1990. மலையில் சில வளைவுகளில் தொலைபேசிக்கு அலை கிடைக்காது, ஆகையால் ஹட்டனிலிருந்தே தாயாருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மேலே போங்கள்.